வாட்டர் பம்ப் கெட்டிருக்கிறதா, இல்லையா: விட்டு விட்டு ஏறும் இன்ஜின் சூட்டைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் டீசல் காரை காட்பாடியில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். "ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் இல்ல தம்பி. ஏலகிரி ஏறினா நாலாவது அஞ்சாவது வளைவுல மீட்டர் ஏறிடுது. நிறுத்தி ஆறவிட்டா மறுபடி சரியாயிடுது" என்றார். அதற்குள் வேறோர் இடத்தில் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மாற்றி, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, ஃபேன் மோட்டாரும் புதிதாகப் போட்டிருந்தார்கள். வண்டியை ஷெட்டில் நிறுத்தி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். சூடு ஏறவில்லை. பம்பில் சத்தம் இல்லை, கசிவு இல்லை, பெல்ட்டும் நன்றாக இருந்தது. "பம்ப் நல்லா இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது தவறு. மூன்று வாரம் கழித்து அதே புகாருடன் அவர் திரும்பி வந்தபோது, இன்ஜின் எண்களைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏலகிரிக்கே போனேன். ஐந்தாவது வளைவில் 112 டிகிரி காட்டியது. ஹீட்டரைத் திறந்தால் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு பம்பைக் கழற்றிப் பார்த்தால், குளிர்விக்கும் திரவத்தைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான பிளாஸ்டிக் இம்பெல்லரின் நடுவில், தண்டைப் பிடிக்கும் இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். ஆறியிருக்கும்போது தண்டை இறுக்கிப் பிடிக்கிறது. சூடேறி விரிந்ததும் பிடி தளர்கிறது. வெளியே புல்லி சுற்றுகிறது, உள்ளே இம்பெல்லர் நின்றுவிடுகிறது. ஷெட்டில் ஐட்லிங்கில் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அது தெரிந்திருக்காது.

விட்டு விட்டு வரும் கோளாறை அது வருகிற இடத்துக்கும் நேரத்துக்கும் போய்த்தான் பிடிக்க வேண்டும். அதற்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையை வரிசையாக எழுதுகிறேன். சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கும், மெக்கானிக்கிடம் சரியாக விவரம் சொல்ல விரும்புகிறவர்களுக்கும் இது உதவும்.

எச்சரிக்கை ஒன்று. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், மூடி கழன்ற நொடியில் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று ஆகும்வரை காத்திருங்கள். கத்திரி வெயிலில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடும்.

பம்ப் எங்கெங்கே விட்டுக்கொடுக்கும்

எங்கள் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் வாட்டர் பாடி என்று கேட்டால்தான் இதை எடுத்துத் தருவார்கள். ஒரு தண்டு, அதைத் தாங்கும் பேரிங், கூலன்ட் பேரிங் பக்கம் வராமல் தடுக்கும் சீல், உள்முனையில் இம்பெல்லர், வெளிமுனையில் புல்லி. அவ்வளவுதான். பழைய அம்பாசிடரில் ஃபேனும் இதே தண்டில்தான் சுற்றும். இன்றைய கார்களில் ஃபேன் தனி மோட்டாரில் ஓடுகிறது. பம்பை வெளிப்பக்க பெல்ட்டோ, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டோ சுற்றுகிறது. சிலவற்றில் பம்பே மின்சாரத்தில் ஓடும்.

விட்டு விட்டு வரும் கோளாறு நான்கு இடங்களிலிருந்து வரும். இம்பெல்லர் தண்டில் வழுக்குவது ஒன்று. பெல்ட் வழுக்குவது இன்னொன்று, எண்ணெயோ கூலன்டோ பட்டிருந்தாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தாலும் இது வரும். மூன்றாவது, இன்ஜின் ஆறும்போது மட்டும் கசிந்து சூடானதும் அடைத்துக்கொள்ளும் சீல். அதனால் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, என்றைக்கோ ஒரு நாள் பம்ப் காற்றை இழுக்கும். நான்காவது மின்சார பம்பின் வயரிங். பேரிங் தேய்வதும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் படி: எப்போது ஏறுகிறது என்று கேளுங்கள்

பானட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை இந்தக் கேள்வியில் கிடைத்துவிடும்.

வேலூர் கிரீன் சர்க்கிளிலோ சி.எம்.சி. மருத்துவமனை வாசல் நெரிசலிலோ ஊர்ந்து போகும்போது ஏறி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஃபேன் ரிலே, மோட்டார், ஃபேன் ஸ்விட்ச், ஏசி கண்டென்சரில் அடைத்திருக்கும் தூசி இவையெல்லாம் அந்தப் பக்கம்தான். வேகத்தில் போகும்போது காற்று தானாக அடிப்பதால் ஃபேன் இல்லாத குறை தெரியாது.

ஊருக்குள் நன்றாக ஓடி, ஆம்பூர் பக்கம் 100 கிலோமீட்டர் வேகத்திலோ மலை ஏற்றத்திலோ ஏறினால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். பம்ப், அடைத்த ரேடியேட்டர், கீழ் ஹோஸ் மூன்றில் ஒன்று.

ஒரே நொடியில் முள் சிவப்புக்குத் தாவி, அடுத்த நொடியில் இறங்கினால் அது சூடே இல்லை. ஐந்தாறு லிட்டர் திரவம் ஒரு நொடியில் முப்பது டிகிரி ஏறி இறங்காது. சென்சாரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள்.

காலையில் முதல் ஓட்டத்தில் மட்டும் ஒருமுறை உயர்ந்து, சட்டென்று இறங்கி, அப்புறம் நாள் முழுக்கச் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கிறது. உள்ளே காற்று அடைத்திருந்தாலும் இப்படி வரும்.

ஒரு சின்ன நோட்டை காருக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் எழுதுங்கள். தேதி, இடம், வேகம், ஏசி ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு ஏறியது. நினைவில் இருப்பதை விட எழுதிவைத்தது பல மடங்கு நம்பகமானது. ஏசி போட்டால்தான் வருகிறது என்று ஒருவர் உறுதியாகச் சொல்வார். எழுதிப் பார்த்தால் நான்கு பேர் உட்கார்ந்த நாட்களில் மட்டும் வந்திருக்கும்.

இரண்டாம் படி: விடிகாலையில் பாருங்கள்

கசிவைத் தேட விடிகாலைதான் சரியான நேரம். இரவு வண்டியை நிறுத்தும்போது பம்புக்கு நேர் கீழே ஒரு பழைய செய்தித்தாளையோ அட்டையையோ விரித்து, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். சூடான இன்ஜினில் சொட்டும் கூலன்ட் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். ஆறும்போதுதான் உலோகமும் ரப்பரும் சுருங்கி, சொட்டு தாளில் விழும்.

பிறகு டார்ச் அடித்து பம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியாக வெளியே வரும்படி வைத்திருக்கிறார்கள். லேசான கறை இருந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோல் கட்டியாகப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அதே கூலன்ட் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். டைமிங் பெல்ட் சுற்றும் பம்பாக இருந்தால் பேரிங் இறுகி பெல்ட் அறுந்து, பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்துக்கொள்ளும். சில்லறைச் செலவில் முடிய வேண்டியது ஹெட் வேலையில் வந்து நிற்கும்.

வெளிப்பக்க பெல்ட்டாக இருந்தால் அதைக் கழற்றி, புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. மெதுவாகச் சுற்றும்போது விரலில் சொரசொரப்பு தெரிந்தாலும் பேரிங் முடிந்துவிட்டது.

கூலன்ட் டேங்கில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது. பாலாற்றங்கரை ஊர்களில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதற்கு நம் வீட்டு இட்லிப் பானையின் அடியில் படியும் வெள்ளைப் படிவமே சாட்சி. பானையில் படிவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும், சீலின் வழவழப்பான முகத்தையும் கீறும். வழியில் பங்க் குழாயிலிருந்து பிடித்து ஊற்றும் ஒவ்வொரு பாட்டிலும் பம்பின் ஆயுளைக் குறைக்கிறது. ஆபத்துக்கு ஊற்ற நேர்ந்தால் தவறில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் முழுவதையும் மாற்றிவிடுங்கள். கம்பெனி சொல்லும் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால் போதும். இரண்டு வகைக் கூலன்டை ஒன்றாகக் கலக்காதீர்கள், சில சேர்க்கைகள் கூழாகிவிடும்.

மூன்றாம் படி: மீட்டர் முள்ளை நம்பாமல் அளவெடுங்கள்

இன்றைய கார்களில் பலவற்றில் முள் நடுவில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். 80 டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும்வரை அது அசையாமல் இருக்கலாம். அசைந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது. ஆகவே ஓபிடி சாக்கெட்டில் (ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, போனில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ஃபேன் 95 முதல் 100க்குள் ஓடும். ஓடும் வண்டியில் 90 சொச்சத்தில் நின்றால் நல்லது. 110ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டிய நேரம்.

கூடவே தொடாமல் அளக்கும் வெப்பமானி ஒன்று இருக்கட்டும். அலுமினியம்போல் பளபளக்கும் இடத்தில் அது தப்பாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும்.

நான்காம் படி: கோளாறு வரும் இடத்துக்கு ஓட்டிப் போங்கள்

எங்களுக்கு இதற்கு வசதியான பாதை ஒன்று இருக்கிறது. முதலில் சாயங்காலம் ஆறு மணி நெரிசலில் கிரீன் சர்க்கிளைச் சுற்றி இருபது நிமிடம் ஏசியுடன் ஊர்வேன். ஃபேன் எத்தனை டிகிரியில் ஓடுகிறது, எத்தனையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். பிறகு தேசிய நெடுஞ்சாலை 48இல் ஆம்பூர் வரைக்கும் ஒரே வேகத்தில் போவேன். அதிலும் ஏறாவிட்டால் வாணியம்பாடி தாண்டி பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறுவேன். 14 கொண்டை ஊசி வளைவுகள், தாழ்ந்த கியர், அதிக ஆர்பிஎம், குறைந்த காற்று. இம்பெல்லர் வழுக்குவதைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல சோதனைச் சாலை எனக்குத் தெரியாது. ஒரு ஆள் ஓட்டவும் இன்னொருவர் எண்களை எழுதவும் வேண்டும். ஓட்டுகிறவரே போனைப் பார்ப்பது மலைப்பாதையில் கூடவே கூடாது.

சூடு ஏறத் தொடங்கியதும் ஹீட்டரை முழுதாகத் திறந்து, காற்றுத் துவாரத்தில் கை வையுங்கள். வேலூரில் ஹீட்டர் பட்டனை யாரும் தொடுவதே இல்லை, வருடம் முழுக்க நாம் தேடுவது குளிர்ச்சிதான். ஆனால் பம்பைச் சோதிக்க அந்தப் பட்டனைவிட நல்ல கருவி காருக்குள் இல்லை. பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் தெர்மோஸ்டாட் வழியாகப் போவதில்லை. பம்ப் சுற்றினால் தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் ஹீட்டருக்குச் சூடு வரும்.

ஆகவே இன்ஜின் 110 காட்டும்போது ஹீட்டரில் அனல் அடித்தால் பம்ப் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஃபேன் பக்கம் போங்கள். 110 காட்டும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் ஓடவில்லை. பம்ப் நின்றிருக்கலாம், அல்லது கூலன்ட் குறைந்து காற்று புகுந்திருக்கலாம். இரண்டில் எது என்பது ஆறிய பிறகு அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவு குறையவே இல்லை என்றால் பம்பைக் கழற்றத் தயாராகலாம். இன்னொரு அடையாளம்: ஐட்லிங்கில் ஹீட்டர் ஆறிப்போய், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சூடாக வந்தால் இம்பெல்லரின் இதழ்கள் அரித்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹீட்டரைத் திறப்பதால் இன்ஜின் சூடும் கொஞ்சம் இறங்கும். ஏசியை நிறுத்திவிட்டு, பத்திரமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். நிறுத்தியும் எண் ஏறிக்கொண்டே போனால் இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள்.

எண் ஏறாமல் நின்றால், அணைப்பதற்கு முன் முடிந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் இரண்டுக்கும் பத்து பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. மேலே 105, கீழே 55 என்றால் ஓட்டம் மிகக் குறைவு. ரேடியேட்டரின் முகத்தையும் பல இடங்களில் அளந்து பாருங்கள். திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் ரேடியேட்டர்தான் அடைத்திருக்கிறது, பம்ப் அல்ல.

பம்பின் மேல் பழி போடும் மற்றவர்கள்

ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கார். இரண்டு முறை பம்ப் மாற்றியும் நெடுஞ்சாலையில் சூடு ஏறியது. பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் சூடான பிறகு ஒருவரை 3000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைப் பார்த்தேன். அது அப்படியே சப்பையாக ஒட்டிக்கொண்டது. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் ஊறி மெலிந்து, உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங்கும் துருப்பிடித்துக் கரைந்துவிட்டிருந்தது. வேகம் கூடும்போது ஹோஸ் தன்னையே அடைத்துக்கொள்ள, பம்ப் என்ன செய்யும்? புது ஹோஸ் ஒன்றோடு வேலை முடிந்தது.

ஓடும்போது ஹோஸ் நன்றாக இருந்து, காலையில் ஆறிய பிறகு சப்பையாகக் கிடந்தால் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். ஆறும்போது காற்றழுத்தம் குறைவதை ஈடுகட்டும் சிறிய வால்வு அதில் அடைத்திருக்கிறது. அதே மூடியின் பெரிய வால்வு பலவீனமானால் அழுத்தம் நிற்காது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்திருந்தால் அந்தக் கொதிநிலை 125ஐத் தாண்டும். மூடி விட்டுவிட்டால் பம்பின் வாயிலேயே குமிழிகள் உண்டாகி, இம்பெல்லர் கூலன்டைத் தள்ளாமல் நுரையைக் கடையும். வெளியிலிருந்து பார்த்தால் பம்ப் கெட்டதுபோலவே இருக்கும். அதனால் மூடியை முதலில் மாற்றுவது என் வழக்கம். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள்.

ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் லேசாக விட்டிருந்தாலும், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலந்து இதே நாடகம் நடக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற ரசாயனச் சோதனை இருக்கிறது, எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பம்பைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்தால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும்.

மின்சார பம்பாக இருந்தால்

மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் போன்ற ஹைப்ரிட்களிலும் பல பிஎம்டபிள்யூ கார்களிலும் இன்ஜினுக்கே மின்சார பம்ப்தான். முதலில் ஸ்கேனரில் பதிவான கோளாறு எண்களை எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். கோளாறு வந்திருக்கும்போதே பம்பின் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தும், இயக்கும் சிக்னல் இருந்தும் சுற்றவில்லை என்றால் பம்ப். வோல்ட் வரவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், வயர். பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். கழற்றிய கனெக்டரில் பார்த்தால் ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் 12 வோல்ட் காட்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த் முனைக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். வயரை மெதுவாக ஆட்டிக்கொண்டே கேட்டால், சில சமயம் பம்ப் நின்று நின்று ஓடுவது காதிலேயே விழும்.

கழற்றி மாட்டும்போது

கழற்றிய பம்பை அப்படியே குப்பையில் போடாதீர்கள். ஒரு கையால் புல்லியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இம்பெல்லரைத் திருகிப் பாருங்கள். அசைந்தால் கதை முடிந்தது. அசையாவிட்டால் இம்பெல்லர் பக்கத்தைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு மறுபடி திருகுங்கள். ஆசிரியரின் பம்ப் ஆறியிருந்தபோது அசையவில்லை, வெந்நீரில் வைத்த பிறகுதான் அசைந்தது.

புதிய பம்ப் மாட்டும் முகத்தில் பழைய கேஸ்கெட் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. அலுமினியத்தை இரும்புப் பட்டையால் சுரண்டினால் கீறல் வழியாகவே கசியும், பிளாஸ்டிக் பட்டை போதும். போல்ட்டுகளைக் குறுக்காக, கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். டைமிங் பெல்ட் சுற்றும் பம்பாக இருந்தால் பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இரண்டாவது முறை அதே கூலி கொடுக்க வேண்டாம். வடித்த கூலன்டைத் தெருவிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். அது இனிக்கும், நாய் குடித்தால் செத்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கூலன்ட் நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வந்ததும் திருகை மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து, குறைந்ததை நிரப்புங்கள். அடுத்த மூன்று காலைகளிலும் ஸ்டார்ட் செய்யுமுன் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளும் அளவு நின்றுவிட்டால், எந்த வளைவில் சூடு ஏறியதோ அந்த வளைவுக்கே மறுபடி ஓட்டிப் போங்கள். நாங்கள் போனபோது 14ஆவது வளைவில் 96 காட்டியது, ஹீட்டரில் கை வைக்க முடியாத அனல். ஆசிரியர் நோட்டை வாங்கி அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதினார்.